சாட்சிக் கூண்டில் இல்லாத பெண்: தாரகேசுவர வழக்கும் வங்க நாடக அரங்கும்

வங்க நாடக வரலாற்றில் 1873ஆம் ஆண்டு இரு நிகழ்ச்சிகளால் நினைக்கப்படுகின்றது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் கல்கத்தாவில் தொடங்கப்பெற்ற பெங்கால் தியேட்டர், கட்டணம் பெற்று நடந்த வங்கப் பொது அரங்குகளுள் பெண் பாத்திரங்களுக்குப் பெண்களையே அமர்த்திய முதல் அரங்காயிற்று. அடுத்த திங்களிலேயே அவ்வரங்கு, சில திங்களுக்கு முன் நிகழ்ந்த கொலையொன்றையும் அதன் பின்னணியையும் பொருளாகக் கொண்ட நாடகத்தை மேடையேற்றியது. இலட்சுமி நாராயண தாசர் எழுதிய அந்நாடகத்தின் பெயர் ‘மொகந்தேர் ஏய் கி காஜ்’ என்பது. ‘மகந்த் செய்யும் செயலா இது!’ என்று அதனைத் தமிழில் கூறலாம். தாரகேசுவரத்துச் சிவன் கோயிலின் மகந்த், பதினாறு வயதுடைய மணமான பெண்ணொருத்தியை மருந்து கொடுத்து வன்புணர்ந்தார் என்பது ஊரார் கூற்று. அவள் இசைந்தே சென்றாள் என்பாரும் இருந்தனர். அவ்விரண்டில் எது உண்மை என்பதை அப்பெண்ணே கூற இயலாத நிலை. அவள் கணவன் அவளைக் கொன்றிருந்தான்.

இவ்வழக்கைப் பற்றி எழுந்த வங்க நாடகங்களும் கேலிக்கூத்துகளும் முப்பதுக்கும் மேற்பட்டன. ஒரே வழக்கை இத்தனை நாடகங்கள் பொருளாகக் கொண்டது இந்திய மொழிகளில் அரிய நிகழ்வு. சீபாந்தர் என்னும் புனைபெயரில் எழுதிய வங்க ஆய்வாளர் இவ்வழக்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். வரலாற்றறிஞர் தனிகா சர்க்கார் சமயம், சட்டம், இல்லறம் ஆகிய மூன்றும் மோதிய களமாக இதனைக் கண்டு ஆராய்ந்தார். நாடக வரலாற்றின் நோக்கில் கேட்கத்தக்க வினா வேறொன்று உண்டு. நீதிமன்றம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியை அரங்கு எவ்வாறு கையாண்டது என்பதே அது.

நீல் தர்ப்பணின் நீதிமன்றம்

இவ்வினாவிற்கு ஒரு முன்வரலாறு உண்டு. தீனபந்து மித்ராவின் ‘நீல் தர்ப்பண்’ 1860இல் டாக்காவில் அச்சாயிற்று. அவுரித் தோட்ட வெள்ளையர் உழவர்க்கு இழைத்த கொடுமைகளைக் கூறும் இந்நாடகத்தில் சேத்திரமணி என்னும் உழவர் குடிப் பெண் வருகிறாள். அவள் கருவுற்றிருப்பவள். ரோக் என்னும் தோட்டக்காரனின் அறைக்குள் அவளைக் கொண்டு சேர்ப்பவள் பதி என்னும் தூதுப் பெண். ரோக் அவளை வன்புணர முயல்கிறான். அவள் எதிர்த்தபோது வயிற்றில் அடிக்கிறான். தோராப் என்னும் முசுலிம் உழவன் உட்புகுந்து அவளை மீட்கிறான். பின்னர் அவள் இறந்துபடுகிறாள்.

அதே நாடகத்தில் நீதிமன்றக் காட்சியும் உண்டு. ஆனால் அங்கு விசாரிக்கப்படுவது சேத்திரமணிக்கு நேர்ந்த கொடுமை அன்று. அவுரி பயிரிட வேண்டாம் என உழவரைத் தூண்டினார் என்னும் பொய்க் குற்றச்சாட்டின்மேல் கோலக பாசு என்னும் முதியவர் அங்கு நிறுத்தப்படுகிறார். தோட்டக்காரனும் நீதிபதியும் நட்புடையோராய்க் காட்டப்படும் அக்காட்சியின் முடிவு அவையோர் முன்பே அறிந்ததுதான். கோலகர் சிறையில் தூக்கிட்டுக் கொள்கிறார். சேத்திரமணியின் பொருட்டு முறையிட எவரும் நீதிமன்றம் செல்வதில்லை. செல்லலாம் என்னும் எண்ணம்கூட எந்தப் பாத்திரத்திற்கும் எழுவதில்லை. மித்ரா அஞ்சல் துறையில் பணியாற்றி ஊரூராகச் சுற்றியவர். சிற்றூர் மக்கள் நீதிமன்றத்திடம் எதை எதிர்பார்த்தனர், எதை எதிர்பார்க்கவில்லை என்பதை நேரில் அறிந்தவர். ஆதலின் இவ்விடுபாட்டை ஆசிரியரின் மறதி எனக் கொள்வதற்கில்லை.

நாடகமே நீதிமன்றம் ஏறிய கதை இன்னும் நோக்கத்தக்கது. ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டமைக்காகப் பாதிரியார் ஜேம்ஸ் லாங் 1861இல் அவதூறு வழக்கிற்கு உள்ளானார். ஒரு திங்கள் சிறையும் 1000 ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டன. தண்டத் தொகையை மகாபாரதத்தை வங்கத்தில் மொழிபெயர்த்த காளிபிரசன்ன சிங்கர் அங்கேயே செலுத்தினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவ்வழக்கில் மிகுதியாகப் பேசப்பட்ட பொருள்களுள் ஒன்று ஆங்கிலப் பெண்டிரின் மானம். தோட்டக்காரனின் மனைவி நீதிபதியோடு நெருங்கிப் பழகுவதாக நாடகத்தில் வரும் குறிப்பு ஆங்கிலப் பெண்ணினத்தையே இழிவுபடுத்துவது என வாதிடப்பட்டது. நீதிபதி மோர்டான்ட் வெல்சும் அதனைப் பெரிதுபடுத்தினார். சேத்திரமணியைப் பற்றிப் பேச அங்கே காரணமே எழவில்லை. நாடகத்துள் அமைந்த நீதிமன்றத்திலும் நாடகத்தை விசாரித்த நீதிமன்றத்திலும் அவள் இல்லை.

தாரகேசுவர வழக்கு

தாரகேசுவரம் ஊக்ளி மாவட்டத்தில் உள்ளது. அங்குள்ள சிவன் கோயில் வங்கத்தின் பெருந்திருத்தலங்களுள் ஒன்று. தீராப் பிணியுடையோரும் மகப்பேறு வேண்டுவோரும் அங்குச் சென்று நோன்பிருப்பர். கோயிலும் அதன் நிலங்களும் தசநாமி மரபைச் சேர்ந்த கிரி மகந்துகளின் ஆட்சியில் இருந்தன. இம்மகந்துகள் துறவிகள். எனினும் நிலக்கிழார்க்குரிய செல்வமும் அடியாட்களும் அவர்களிடம் இருந்தன. 1824இல் அக்கோயிலின் மகந்த் ஒருவர் பெண் தொடர்பான கொலை வழக்கில் தூக்கிலிடப்பட்டார் என்பதும் இங்குக் கருதத்தக்கது. 1873இல் மகந்தாக இருந்தவர் மாதவசந்திர கிரி.

எலோகேசி குமுருல் என்னும் சிற்றூரில் தந்தை நீலகமலுடனும் சிற்றன்னையுடனும் வாழ்ந்து வந்தாள். அவள் கணவன் நவீன்சந்திர பந்தோபாத்தியாயன் கல்கத்தாவில் அரசு அச்சகத்தில் பணியாற்றினான். பிள்ளைப் பேற்றிற்கு மருந்து பெறும்பொருட்டு அவள் மகந்திடம் அனுப்பப்பட்டாள் என்றும், அங்கே மயக்க மருந்து தரப்பட்டு வன்புணரப்பட்டாள் என்றும், பெற்றோர் உடன்பட்டே அத்தொடர்பு நீண்டது என்றும் பேசப்பட்டது. ஊர் திரும்பிய நவீன் இச்செய்தியை அறிந்தான். அவள் நடந்ததைக் கூறி மன்னிப்பு வேண்டினாள் என்றும் அவன் மன்னித்தான் என்றும் கூறுவர். அவளை அழைத்துக்கொண்டு ஊரை விட்டு வெளியேற அவன் முயன்றபோது மகந்தின் ஆட்கள் வழிமறித்தனர். மே 27ஆம் நாள் மீன் அரியும் அரிவாள்மணையால் அவள் கழுத்தை அறுத்துக் கொன்ற அவன், தானே காவல் நிலையம் சென்று குற்றத்தை ஒப்புக்கொண்டான். மகந்த் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூருக்குச் சென்றிருந்தார். பின்னரே அவர் வழக்கிற்கு வந்தார்.

சீராம்பூரில் கூடிய ஊக்ளி அமர்வு நீதிமன்றத்தில் நவீனின் வழக்கு நடந்தது. டபிள்யூ. சி. பானர்ஜி அவனுக்காக வாதிட்டார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் இந்திய தேசிய காங்கிரசின் முதல் தலைவரானவர் இவரே. மனநிலை பிறழ்ந்த நிலையில் செய்த செயல் என்னும் வாதத்தை ஏற்று இந்திய ஜூரியினர் அவனை விடுவித்தனர். நீதிபதி ஃபீல்டு அம்முடிவை ஏற்காமல் வழக்கை உயர் நீதிமன்றத்திற்கு அனுப்பினார். அங்கு நவீனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மகந்திற்கு மூன்றாண்டுக் கடுங்காவலும் 2000 ரூபாய் தண்டமும் கிடைத்தன.

வழக்கு நடந்த நாட்களில் நீதிமன்றம் கொள்ளாத கூட்டம் கூடியது. உள்ளே செல்லக் கட்டணம் பெறப்பட்டது. நீதிபதியும் வழக்கறிஞரும் ஆங்கிலத்தில் பேசுவதால் ஆங்கிலம் அறிந்தவரா எனச் சோதித்து விட்டதும் உண்டு. கல்கத்தாவின் லூயி தியேட்டரில் ஒதெல்லோ நாடகம் பார்க்கத் திரள்வது போல் மக்கள் அமர்வு நீதிமன்றத்திற்குத் திரண்டனர் என்னும் பொருள்பட ‘பெங்காலி’ இதழ் எழுதியது. ஒப்புமையை எழுதியவர் கூட்டத்தின் அளவை மட்டும் கருதியிருக்கலாம். ஆனால் ஒதெல்லோ மனைவியைக் கொன்ற கணவனின் துன்பியல் என்பதையும் மறப்பதற்கில்லை. அவ்வொப்புமை தலைமைப் பாத்திரம் யார் என்பதை முன்பே முடிவு செய்துவிட்டது. அவையோரின் இரக்கம் சென்றது கொன்றவனிடம்.

சட்டம் கேட்ட கேள்வி

மகந்த் தண்டிக்கப்பட்டது எக்குற்றத்திற்கு என்பதை இங்கு நின்று நோக்க வேண்டும். அவர்மேல் நிறுவப்பட்டது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவின்படியான பிறன்மனைப் புணர்ச்சி. 1862 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தில் இப்பிரிவின் அமைப்பு விந்தையானது. இன்னொருவன் மனைவி எனத் தெரிந்தே ஒருத்தியோடு, அந்தக் கணவனின் இசைவோ உடன்பாடோ இன்றி, வன்புணர்ச்சி ஆகாத முறையில் கூடுவதே குற்றம். பெண் இக்குற்றத்திற்கு உடந்தை எனவும் தண்டிக்கப்படுவதில்லை. முறையிடும் உரிமையும் கணவனுக்கே உரியது.

இதில் இரு செய்திகள் உள்ளன. ஒன்று, சட்டம் வினவும் இசைவு கணவனுடைய இசைவு. அவள் இசைந்தாளா என்பது இப்பிரிவில் எழாத கேள்வி. மற்றொன்று, ‘வன்புணர்ச்சி ஆகாத’ என்னும் தொடர். 497ஆம் பிரிவின்கீழ் ஒருவர் தண்டிக்கப்பட்டால், அச்செயல் வன்புணர்ச்சி அன்று என்பது அத்தீர்ப்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. எனவே வங்க மக்கள் கொண்டாடிய மகந்தின் தண்டனை, எலோகேசி வன்புணரப்பட்டாள் என்னும் கூற்றை ஏற்றதால் வந்ததன்று. அக்கூற்றை ஒதுக்கிவைத்த பிரிவின்கீழ் வந்தது. வள்ளுவர் ‘பிறனில் விழையாமை’ என அதிகாரம் வகுத்தபோது அறத்தின் நோக்கில் ஆடவனிடம் பேசினார். சட்டமோ அதே சொல்லாட்சியில் உள்ள உடைமை உறவை மட்டும் எடுத்துக்கொண்டு தண்டனையாக்கியது.

மயக்க நிலையில் தரப்படும் இசைவு இசைவாகாது என்னும் கொள்கையை அதே தண்டனைச் சட்டத்தின் 90ஆம் பிரிவு ஏற்றிருந்தது. வன்புணர்ச்சிக்குக் கடுந்தண்டனையும் அச்சட்டத்தில் இருந்தது. ஆகவே சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. அதனைக் கூற வேண்டியவள் உயிரோடு இல்லை. உயிரோடிருந்து கூறியிருந்தால் அவளுக்கு என்ன நேர்ந்திருக்கும்? 1872 செப்டம்பரில், அதாவது இக்கொலைக்குச் சில திங்களே முன்பு, இந்தியச் சாட்சியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 155ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, வன்புணர்ச்சி வழக்கில் முறையிடும் பெண் பொதுவாக ஒழுக்கம் தவறியவள் எனக் காட்டி அவள் சாட்சியத்தின் நம்பகத்தைக் குலைக்க இடமளித்தது. பலமுறை மகந்தின் இருப்பிடம் சென்றவள், பெற்றோர் அணிகலன் பெற்றதை அறிந்தும் இருந்தவள் என்றெல்லாம் பேசப்பட்ட ஒரு பெண்ணை இவ்வுட்பிரிவு என்ன செய்திருக்கும் என்பது எளிதில் உணரத்தக்கது.

மனைவியின் பொருட்டு முறையிடும் உரிமை பெற்றிருந்தவன் அவளைக் கொன்றவன். அவள் சொன்னவையாக மன்றத்தை எட்டியவை பிறர் வாயினின்றும் வந்தவை. இரு தீர்ப்புகள் வந்தும் எலோகேசியின் உடல்மேல் நிகழ்ந்தது என்ன என்னும் கேள்வி திறந்தே கிடந்தது.

அரங்கு வழங்கிய தீர்ப்புகள்

நீதிமன்றம் ஒரு கேள்வியைத் தவிர்த்துச் செல்லலாம். நாடகாசிரியனுக்கு அவ்வாய்ப்புக் குறைவு. மகந்தின் அறைக்குள் எலோகேசி நுழையும் காட்சியை எழுதத் தொடங்கியவுடன், அவள் எவ்வாறு நுழைகிறாள், அஞ்சியா, அறியாமலா, விரும்பியா என்பதை அவன் முடிவு செய்தாக வேண்டும். நடிக்கும் பெண்ணின் முகக்குறிப்பே ஒரு தீர்ப்பாகிவிடும். இதனாலேயே தாரகேசுவர நாடகங்கள் ஒன்றோடொன்று உடன்படவில்லை. சிலவற்றில் அவள் மருந்துண்டு உணர்விழந்து கிடக்கிறாள். அவள்மேல் நிகழ்வது ஐயத்திற்கிடமற்ற வன்கொடுமை. வேறு சிலவற்றில் முதல் நாள் வன்கொடுமையாகத் தொடங்குவது பின்னர் அவள் விருப்பத்தோடு கூடிய உறவாக மாறுகிறது. இன்னும் சிலவற்றில் பொன்னும் பட்டும் அவளை ஈர்க்கின்றன. தந்தையின் பேராசையும் சிற்றன்னையின் சூழ்ச்சியும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு. தூது செல்லும் பெண்ணும் பெரிதும் மாறாத பாத்திரம். நீல் தர்ப்பணின் பதி இங்கு வேறு பெயரில் திரும்ப வருகிறாள்.

இந்நூல்களில் பல பட்தலா அச்சுக்கூடங்களில் அச்சானவை. வடகல்கத்தாவின் அப்பகுதி மலிவு விலை நூல்களுக்குப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டுக் குசிலிக்கடைப் பதிப்புகளை அறிந்தோர்க்கு இவற்றின் தன்மை விளங்கும். ஓரிரு நாளில் எழுதி ஓரிரு வாரத்தில் விற்றுத் தீர்ப்பவை. கலைநயம் தேடுவார்க்கு ஏமாற்றமே மிஞ்சும். கல்வி கற்றோர் பலர் இவற்றை அருவருத்தனர். எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊக்ளி மன்றத்தில் ஆங்கிலம் அறியாதார் உட்புக இயலாத நிலையில், வழக்கின் கேள்விகளை வங்கமொழியில் பொதுமக்கள் முன் வைத்தவை இந்நூல்களே. அவையோர் கட்டணம் செலுத்தி இங்கும் நுழைந்தனர். ஆனால் தேர்வு எழுத வேண்டியிருக்கவில்லை.

நாடகங்கள் உடன்படும் இடம் ஒன்று உண்டு. எலோகேசி எவ்வாறு கெட்டாள் என்பதில் வேறுபடுவோர், அவள் இறந்தாக வேண்டும் என்பதில் வேறுபடவில்லை. குற்றமற்றவளாகக் காட்டும் நாடகத்திலும் அவள் மன்னிப்பு வேண்டுகிறாள், அழுகிறாள், அரிவாள்மணைக்குக் கழுத்தைக் கொடுக்கிறாள். வன்கொடுமைக்கு ஆளானவள் எதற்காக மன்னிப்பு வேண்ட வேண்டும் என்று கேட்கும் பாத்திரம் இல்லை. நீதிமன்றம் அவளை மறந்தது, அரங்கு அவளை மீட்டது எனச் சிலர் எளிதாகக் கூறிவிடுவர். அது முழு உண்மையன்று. அரங்கு அவளுக்கு வாய் கொடுத்தது. அவ்வாயில் வைத்த சொல் பெரும்பாலும் கணவனைத் துன்பியல் தலைவனாக்குவதற்கு உதவிய சொல்லே. நவீனை விடுவிக்க வேண்டி எழுந்த விண்ணப்பங்களில் பல்லாயிரவர் கையொப்பமிட்டனர். 1875இல் அவன் மன்னிக்கப்பட்டு விடுதலையானான். இவ்விரக்கத்தை வளர்த்ததில் நாடகங்களுக்குப் பங்கில்லை எனக் கூற முடியாது.

அரங்கில் அவளாகத் தோன்றிய பெண்களைப் பற்றியும் கூற வேண்டும். பெங்கால் தியேட்டர் முதலில் அமர்த்திய நால்வர் சகத்தாரிணி, கோலாப், சியாமா, எலோகேசி என்போர். பெயரொற்றுமை தற்செயலானது. நால்வரும் பரத்தையர் தெருவினின்றும் வந்தவர்கள். இதனை ஏற்காத ஈசுவர சந்திர வித்யாசாகர் அவ்வரங்கின் குழுவிலிருந்து விலகினார். கைம்பெண் மறுமணத்திற்காகப் போராடியவரின் இச்செயல் அக்காலத்து எல்லைகளைக் காட்டுகின்றது. கற்பழிந்த குலப்பெண்ணுக்காக அவையோரைக் கண்ணீர் சிந்த வைத்த கலை, ‘ஒழுக்கமற்றவர்’ எனப் பெயரிடப்பட்ட பெண்களின் கையில் இருந்தது. அவர்களுள் ஒருத்திக்கே அத்தகைய கொடுமை நேர்ந்து அவள் மன்றம் ஏறியிருப்பின், 155ஆம் பிரிவு அவள் தொழிலையே அவளுக்கு எதிரான சான்றாக்கியிருக்கும்.

வழக்கின் புகழ் அரங்கோடு நிற்கவில்லை. காளிகட்டத்துப் பட ஓவியர்கள் மகந்த் எலோகேசிக்கு வெற்றிலை தருவது, நவீன் அரிவாள்மணையை ஓங்குவது, தலை வேறு உடல் வேறாக அவள் கிடப்பது ஆகியவற்றை வரிசையாகத் தீட்டினர். அவற்றுள் பல இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. சேலைக் கரையிலும் வெற்றிலைப் பெட்டியிலும் எலோகேசியின் பெயர் ஏறியது. மகந்த் சிறையில் செக்கிழுப்பது ஓவியர்க்கும் கேலிக்கூத்து எழுதுவோர்க்கும் மிக உவப்பான காட்சி. அவர் இழுத்த செக்கின் எண்ணெயால் செய்தது எனச் சொல்லித் தலைவலித் தைலம் விற்றோரும் இருந்தனர். செக்கிழுத்தல் என்றவுடன் தமிழர்க்குக் கோயம்புத்தூர்ச் சிறையும் வ.உ.சி.யும் நினைவுக்கு வருவர். வங்கத்தில் அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அதே செக்கு நகைப்பிற்கும் பழிதீர்த்த மகிழ்ச்சிக்கும் உரிய பொருளாயிருந்தது.

1876ஆம் ஆண்டுச் சட்டம்

வன்கொடுமையை மேடையில் காட்டலாமா என்னும் கேள்வி விரைவில் அரசின் கேள்வியாயிற்று. 1875இல் கிரேட் நேஷனல் தியேட்டர் குழுவினர் இலக்குமணபுரியில் நீல் தர்ப்பணை நடித்தபோது, சேத்திரமணியை மீட்கும் தோராப் ரோக்கைத் தாக்கும் காட்சியில் வெள்ளைச் சிப்பாய்கள் மேடைமேல் ஏறினர். நாடகம் நிறுத்தப்பட்டது. அன்று சிறுமியாய் நடித்துக்கொண்டிருந்த வினோதினி தாசி பிற்காலத்தில் தம் நினைவுகளில் இதனைப் பதிவு செய்துள்ளார். வன்புணர முயலும் வெள்ளையனைக் கண்டு பொறுத்த அவர்கள் அவன் அடிபடுவதைக் கண்டு பொறுக்கவில்லை என்பது கருதத்தக்கது.

உபேந்திரநாத தாசரின் ‘சுரேந்திர வினோதினி’யும் வந்தது. இதில் கொடுமை செய்பவன் தோட்டக்காரனல்லன், துறவியும் அல்லன். நீதி வழங்கும் ஆங்கில மாஜிஸ்திரேட்டே இந்தியப் பெண்ணொருத்தியை வன்புணர முயல்கிறான். அவள் தப்பிக் குதித்துக் குருதியோடு வருகிறாள். மன்றத்தில் முறையிடுவது எங்ஙனம் என்னும் கேள்விக்கே இங்கு இடமில்லாது போகிறது. 1876 மார்ச்சில் காவலர் அரங்கினுள் புகுந்து கலைஞரைப் பிடித்தனர். குற்றச்சாட்டு ஆட்சிக்கு எதிரான கருத்து என்பதன்று, ஆபாசம் என்பதே. உபேந்திரநாதருக்கும் அமிர்தலால் பாசுவிற்கும் ஒரு திங்கள் சிறை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அக்காட்சியில் ஆபாசம் இல்லை எனின் அரசுக்கு வேறு கருவி வேண்டியிருந்தது. வேல்சு இளவரசரின் வருகையைப் பகடி செய்த நாடகத்திற்காகப் பிப்பிரவரியிலேயே அவசரச் சட்டம் வந்திருந்தது. டிசம்பரில் நாடக நிகழ்த்துச் சட்டம் நிறைவேறியது. அவதூறானவை, வெறுப்பைத் தூண்டுபவை, காண்போரைக் கெடுப்பவை எனக் கருதப்படும் நாடகங்களை அரசே தடுக்கலாம் என்பது அதன் சாரம்.

வங்கத்தில் பிறந்த அச்சட்டத்தின் நீட்சி தமிழ் அரங்கையும் தொட்டது. விடுதலைக்குப் பின் 1954இல் சென்னை மாநிலம் தனக்கெனத் தனி நாடகச் சட்டம் இயற்றியது. எம்.ஆர். இராதாவின் நாடகங்களைக் கருதியே அது கொண்டுவரப்பட்டது என்பது பரவலான கருத்து. அதன் முக்கியப் பிரிவுகளை 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. 1876ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டம் 2018இல் நீக்கப்பட்டது.

எலோகேசியின் வழக்கைச் சூழ்ந்திருந்த மற்றப் பிரிவுகள் இன்னும் மெல்லவே நகர்ந்தன. முறையிடும் பெண்ணின் பொது ஒழுக்கத்தை வினவ இடமளித்த உட்பிரிவு, நாடெங்கும் பெண்ணமைப்புகள் இருபதாண்டுக்கு மேல் போராடிய பின்னர், 2003ஆம் ஆண்டின் 4ஆம் சட்டத்தால் நீக்கப்பட்டது. 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018இல் அரசியலமைப்பிற்கு முரணானது எனத் தள்ளியது. மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதும் பிரிவு என்பது அத்தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்று. ஆயினும் மணமான பெண்ணைக் கவர்ந்து செல்லுதல் என்னும் அண்டைக் குற்றம், பழைய 498ஆம் பிரிவிலிருந்து, 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதாவின் 84ஆம் பிரிவாகத் தொடர்கின்றது. தாரகேசுவரத்தில் தண்டனைக் காலம் முடித்த மாதவசந்திர கிரி மீண்டும் மகந்தாக அமர்ந்தார். அக்கோயிலின் மகந்த் ஆட்சியை எதிர்த்துப் பெருங்கிளர்ச்சி எழ 1924ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போராட்டத்தைச் சித்தரஞ்சன் தாசர் ஆதரித்தார்.

பெண்ணொருத்தி நீதிமன்றக் கூண்டில் தானே நின்று பேசும் காட்சியை இந்திய அரங்கு பிறகு கண்டது. அதில் புகழ் மிக்கது மராத்தியில் விசய் தெண்டுல்கர் எழுதி 1967இல் மேடையேறிய ‘சாந்ததா! கோர்ட் சாலு ஆகே’. அங்குக் குற்றச்சாட்டு வன்கொடுமை பற்றியதன்று, சிசுக்கொலை. மன்றமும் உண்மையானதன்று. அமைதியைக் கலைக்காமல் பொழுதுபோக்கும்பொருட்டு நாடகக் குழுவினர் நடத்தும் விளையாட்டு வழக்கு. ஆசிரியை பேணாரே கூண்டில் ஏற்றப்படுகிறாள். விளையாட்டு மெல்ல மெல்ல அவள் சொந்த வாழ்வின்மேல் திரும்புகிறது. அவளைப் பயன்படுத்திக்கொண்ட ஆடவர் அக்கூண்டுக்கு வருவதில்லை. சிறு வயதில் அவளை நெருங்கிய தாய்மாமனும், அவள் வயிற்றுக் கருவிற்குக் காரணமான பேராசிரியரும் வழக்கிற்கு வெளியே நிற்கிறார்கள். இறுதியில் தன் தரப்பைக் கூற அவளுக்குப் பத்து வினாடி தரப்படுகிறது. மேடையில் மற்றவர் யாவரும் அசைவற்று உறைய, அவள் நெடுநேரம் பேசுகிறாள். அவையிலிருக்கும் நாம் ஒவ்வொரு சொல்லையும் கேட்கிறோம். ஒளி பழைய நிலைக்கு வருகிறது. காலம் முடிந்துவிட்டது என்றும், குற்றம் சாட்டப்பட்டவர் கூற ஏதுமில்லை என்றும் நீதிபதி அறிவிக்கிறார்.